காது வெட்டு பிறந்த கதை

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதை பதினான்கு கிலோமீட்டர். அதில் எங்கே நின்று பார்த்தாலும் நாலு நாயாவது கண்ணில் படும். லிங்கத்து வாசலில் ஒன்று, டீக்கடை பெஞ்சுக்கு அடியில் ஒன்று, அன்னதானம் நடந்த இடத்துக்குப் பின்னால் எச்சில் இலை குவியும் மூலையில் இரண்டு. படுத்திருக்கும் நாயின் காதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சில நாய்களுக்கு ஒரு காதின் ஓரத்தில் விரல்நகம் அகலத்துக்குச் சதை இருக்காது. சண்டையில் கிழிந்த காது என்றால் ஓரம் பிசிறடித்திருக்கும். சொறி பிடித்த காது என்றால் மயிர் கொட்டித் தடித்திருக்கும். இது இரண்டும் இல்லை. ஆங்கில எழுத்து 'வி' வடிவத்தில், கத்தரி வைத்து நறுக்கிய சுத்தமான வெட்டு. அந்த நாயை ஒருநாள் வலை போட்டுப் பிடித்திருக்கிறார்கள். மயக்க மருந்து கொடுத்துக் கருத்தடை ஆபரேஷன் செய்து, வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, பிடித்த தெருவிலேயே திரும்பக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அதற்குச் சான்று அந்த வெட்டு.

கருத்தடை செய்து, ஊசி போட்டு, திரும்பவும் அதே தெருவில் விடுவது என்ற யோசனை நம் பக்கத்தில் பிறந்தது சென்னையில். நாய்களைக் கொன்றே வெறிநோயை ஒழித்துவிடலாம் என்று நூறு ஆண்டுக்கு மேலாக நம்பியிருந்த ஒரு மாநகராட்சியிடம், அது கொன்ற கணக்கை வைத்தே அந்த நம்பிக்கை தப்பு என்று சிலர் காட்டினார்கள். தெருநாய்ப் பேச்சை எடுத்தாலே இன்று ஊர் இரண்டாகிறது. ஒரு பக்கம் நாய்க்குச் சோறு வைப்பவர்கள், மறுபக்கம் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை நினைத்துப் பயப்படுபவர்கள். காது வெட்டு முதல் தரப்பின் சமாச்சாரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பிறந்த விதத்தைத் தெரிந்துகொண்டால், பிள்ளையைக் காப்பாற்ற நமக்குக் கிடைத்த வழிகளில் உருப்படியானது அதுதான் என்பது விளங்கும் என்று நம்புகிறேன்.

முதலில் நோயைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வெறிநோய் வைரஸ் கடிபட்ட இடத்திலிருந்து ரத்தத்தில் கலந்து ஓடுவதில்லை. தசையில் தங்கி, நரம்பைப் பிடித்து, நரம்பு வழியாகவே மூளைக்கு ஏறுகிறது. காலில் கடித்தால் தூரம் அதிகம், முகத்தில் கடித்தால் தூரம் குறைவு. நாயின் உயரத்துக்கு முகம் இருக்கிற சின்னப் பிள்ளைகளுக்கு ஆபத்து கூடுவதற்கு அது ஒரு காரணம். மூளைக்குப் போவதற்குள் தடுப்பூசி வேலை செய்துவிட்டால் பிழைக்கலாம். மூளையைத் தொட்டு, தண்ணீரைக் கண்டாலே தொண்டை இழுத்துக்கொள்ளும் நிலை வந்த பிறகு பிழைத்தவர்கள் உலகம் முழுக்க விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மூளையிலிருந்து வைரஸ் திரும்ப இறங்கி எச்சிலுக்கு வருகிறது. எச்சிலில் வைரஸ் வந்த நாய் பெரும்பாலும் பத்து நாளுக்குள் செத்துவிடும். கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்கச் சொல்வது இதனால்தான்.

1885 ஜூலை 6 அன்று பாரிஸில் லூயி பாஸ்டர், ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு முதல் ஊசியைப் போடவைத்தார். இந்தியாவில் அந்தச் சிகிச்சைக்கென்று முதல் நிலையம் 1900இல் கசௌலியில் வந்தது. கசௌலி இன்றைய இமாசலப் பிரதேசத்தில், தென்னாட்டிலிருந்து நாட்கணக்கில் ரயில் பயணத் தொலைவில் இருந்தது. 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண் தென்னிந்தியாவில் வெறிநோயால் இறந்தார். ஊசி கசௌலியில் மட்டும் கிடைத்ததுதான் அவர் உயிரைக் குடித்தது. அந்தச் சாவு கிளப்பிய பேச்சில்தான் தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் கர்சன் பிரபுவிடம் கொடுத்திருந்த நன்கொடையிலிருந்து ஒரு லட்சம் ரூபாய் கிடைத்தது. 1907 ஏப்ரல் 6 அன்று குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறந்தது. ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் சாவுக்குப் பிறகுதான் அரசாங்கத்துக்கு அவசரம் புரிந்தது என்பது வருத்தமான விஷயம். அதற்கு முன்பு நம் கிராமங்களில் ஊளையிட்டுச் செத்தவர்களுக்குப் பெயர்ப் பட்டியல்கூட இல்லை.

'தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி' என்று பாட்டிமார் சொல்லிப் பயமுறுத்தினார்களே, அது 1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய மருந்து. ஆட்டின் மூளையில் வைரஸை வளர்த்து, கார்பாலிக் அமிலம் கலந்து செயலிழக்க வைத்து, அந்தக் கரைசலை அடிவயிற்றில் நாள்தோறும் ஏற்றுவார்கள். லட்சக்கணக்கானவர்களைக் காப்பாற்றிய மருந்து அது. ஆனால் ஆட்டு மூளையின் பொருளும் சேர்ந்தே உடம்புக்குள் போனதால் சிலருக்கு நரம்பு பாதித்துக் கைகால் விழுந்தது. நல்ல மாற்று மருந்து வந்த பிறகும் நெடுநாள் அதையே போட்டுக்கொண்டிருந்தோம். 2004ஆம் ஆண்டின் முடிவில்தான் இந்தியா அதை நிறுத்தியது. இப்போது போடுவது உயிரணுக்களில் வளர்த்த மருந்து. கையில் நான்கைந்து தவணை, ஆழமான கடி என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதம். அரசு மருத்துவமனைகளில் காசு வாங்குவதில்லை. ஊசிக்கு ஓடுவதற்கு முன்னால் காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதனால் காயம் ரணமாகிறது, வைரஸ் உள்ளேதான் இருக்கிறது.

இவ்வளவும் கடிபட்ட மனிதருக்கான வழி. கடிக்கிற நாயை என்ன செய்வது?

அந்தக் கேள்விக்கு நெடுங்காலம் ஒரே பதில்தான் இருந்தது. 1926இல் அகமதாபாத் ஆலை அதிபர் அம்பாலால் சாராபாய் தன் ஆலை வளாகத்தில் திரிந்த அறுபது நாய்களைக் கொல்ல ஏற்பாடு செய்தார். ஊர் கொந்தளித்தது. காந்தியிடம் கேட்டார்கள். வேறு வழி என்ன இருக்கிறது என்று காந்தி சாராபாய் பக்கம் நின்றார். கண்டனக் கடிதங்கள் குவிந்தன, அவரும் 'யங் இந்தியா'வில் தொடர்ந்து பதில் எழுதினார். உயிர்க்கொலை என்றாலே பதறுகிற மனிதர் அவர். அவருக்கே அன்று வேறு வழி தெரியவில்லை.

சென்னை மாநகராட்சி அந்த வேலையை 1860இலேயே தொடங்கிவிட்டது. நாய் வண்டி தெருவுக்கு வந்தால் வீட்டுக்காரர்கள் தங்கள் நாயைத் தூக்கி உள்ளே போட்டுக் கதவைச் சாத்துவார்கள். சுருக்குக் கம்பியில் மாட்டியவை வண்டிக்குள் போகும். பிற்காலத்தில் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். பிடிக்கிறவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அது நகரம் அவர்கள் தலையில் சுமத்திய வேலை, மிகக் குறைந்த கூலிக்கு.

1959இல் சென்னையில் மழைவெள்ளம். கேப்டன் வி. சுந்தரம் என்ற விமானி தெருவெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைக் கண்டு வீட்டுக்கு எடுத்துவந்தார். அவர் மனைவி உஷா சுந்தரமும் விமானி. 1951இல் சென்னை அரசு வாங்கிய டவ் ரக விமானத்தை இருவரும் சேர்ந்து இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு ஏறக்குறைய 27 மணி நேரத்தில் ஓட்டிவந்து பேர் வாங்கியவர்கள். அந்தக் குட்டிகளில் தொடங்கி அவர்கள் வீடு அடிபட்ட பிராணிகளுக்குப் புகலிடமானது. அதுவே புளூ கிராஸ் ஆப் இந்தியா அமைப்பானது. அவர்கள் மகன் எஸ். சின்னி கிருஷ்ணா பொறியியல் படித்தவர். இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி அவர் செய்த காரியம். நாய் பாவம் என்று மாநகராட்சியிடம் போய்க் கெஞ்சியிருந்தால் யாரும் காது கொடுத்திருக்க மாட்டார்கள். அதற்குப் பதிலாக, 1964இல் அவரும் புளூ கிராஸும் மாநகராட்சி கொன்ற நாய்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள்.

1860இல் நாளுக்கு ஒரு நாய்கூடக் கொல்லப்படவில்லை. அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே வந்தது. பின்னால் 1995இல் அது நாளுக்கு 135 வரை போனது, அதாவது ஆண்டுக்கு ஐம்பதாயிரத்தை ஒட்டி. 1970களின் தொடக்கத்தில் கொல்லப்பட்ட நாய்களின் எண்ணிக்கை எவ்வளவு இருந்தது என்றால், மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நாய்த்தோலில் கழுத்துப் பட்டியும் பணப்பையும் வடிவமைத்துப் பார்த்தது என்று சு. தியடோர் பாஸ்கரன் எழுதியிருக்கிறார். நூறாண்டுக்கு மேல் கொன்றும் தெருவில் நாய் குறையவில்லை, வெறிநோயும் குறையவில்லை. ஒரு மருந்தை நூறு ஆண்டு கொடுத்து, வருஷா வருஷம் அளவைக் கூட்டிக்கொண்டும் போய், நோய் அப்படியே இருக்கிறது என்றால் மருந்தைத்தானே சந்தேகப்பட வேண்டும்?

கொன்றால் ஏன் குறைவதில்லை? தெருநாயின் வாழ்க்கை இடத்தோடு கட்டிய வாழ்க்கை. ஒரு தெருவில் எத்தனை நாய் பிழைக்கலாம் என்பதை அந்தத் தெருவின் எச்சில் சோறும் குப்பைத் தொட்டியும் தீர்மானிக்கின்றன. பெட்டை நாய் ஆண்டுக்கு இரண்டு முறை வரை சினைக்கு வரும், அறுபத்து மூன்று நாளில் ஈனும், ஈற்றுக்கு நாலைந்து குட்டி. சாதாரணமாக அந்தக் குட்டிகளில் பெரும்பகுதி ஒரு வயதைத் தாண்டாது. லாரியில் அடிபடும், நோயில் போகும், பெரிய நாய்கள் சோற்றுக்கு விடாது. பெரிய நாய்களைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால் சோறு மிஞ்சுகிறது, சாக இருந்த குட்டிகள் பிழைக்கின்றன, பக்கத்துத் தெரு நாய்கள் காலி இடத்துக்கு வருகின்றன. புதிதாக வருகிற நாய்க்கு அந்தத் தெரு மனிதர்களைத் தெரியாது, ஏற்கெனவே இருப்பவற்றோடு அடித்துக்கொள்ளும். வெறிநோய் நாயிலிருந்து நாய்க்குப் போவதே அந்தக் கடியில்தான். இன்னொன்றும் உண்டு. சுருக்குக் கம்பியில் சுலபமாக மாட்டுவது மனிதரை நம்பிப் பக்கத்தில் வருகிற சாதுவான நாய். கடிக்கிற நாய் கம்பியைக் கண்டதும் ஓடிவிடும். ஆக, நூறாண்டுகளாக நகரம் தன் சாதுவான நாய்களைத்தான் அதிகம் கொன்றிருக்கும்.

இதே பாடத்தை ஐரோப்பா நரியிடம் படித்தது. இரண்டாம் உலகப் போரை ஒட்டி, கிழக்கேயிருந்து நரிகள் வழியாக வெறிநோய் ஆண்டுக்கு 20 முதல் 60 கிலோமீட்டர் வேகத்தில் மேற்கே நகர்ந்தது. சுட்டார்கள், நஞ்சு வைத்தார்கள், வளைக்குள் விஷவாயு விட்டார்கள். பெரும்பாலான இடங்களில் நோய் நிற்காமல் தாண்டிப் போனது. 1978 அக்டோபரில் சுவிட்சர்லாந்தில் ரோன் பள்ளத்தாக்கின் குறுக்கே கோழித் தலைகளைப் போட்டார்கள். ஒவ்வொரு தலைக்குள்ளும் வாய்வழித் தடுப்பு மருந்து. நரிகள் தின்றன. நோய் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. இருபத்தோரு ஆண்டில் அந்த நாடு நரி வெறிநோயிலிருந்து விடுபட்டது. உயிரோடு இருக்கிற, ஊசி போட்ட நரி மற்ற நரிகளுக்கும் மனிதருக்கும் நடுவே அரணாக நின்றது. செத்த நரியால் அது முடியாது.

சென்னையில் புளூ கிராஸ் முன்வைத்ததும் இதே தர்க்கம்தான், ஐரோப்பாவின் கோழித் தலைகளுக்குப் பத்தாண்டுக்கு முன்பே. கொல்லாதீர்கள், கருத்தடை செய்து ஊசி போட்டு அதே தெருவில் விடுங்கள். அந்த நாய் தன் இடத்தைப் புதியவற்றுக்கு விட்டுக்கொடுக்காது, குட்டியும் போடாது, நோயும் பரப்பாது. மாநகராட்சி ஏற்கவில்லை. 1966இல் புளூ கிராஸ் தன் காப்பகத்திலேயே ஆபரேஷன்களைத் தொடங்கியது. ஒரு பக்கம் இவர்கள் ஆபரேஷன் செய்து விடுவார்கள், இன்னொரு பக்கம் நாய் வண்டி வந்து அந்த நாயையும் சேர்த்துக் கொண்டுபோகும். முப்பது ஆண்டு இப்படியே போயிற்று. 1996இல்தான் சென்னை மாநகராட்சி கொல்வதை நிறுத்தி இந்தத் திட்டத்துக்கு மாறியது. நகரத்தில் ஆண்டுக்கு நூற்றுக்கு மேல் இருந்த வெறிநோய்ச் சாவு பத்தாண்டுக்குள் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது என்பது புளூ கிராஸ் தரும் கணக்கு.

ஜெய்ப்பூரில் 1994இல் தொடங்கிய இதே போன்ற திட்டத்தை இரண்டு கால்நடை மருத்துவர்கள் எட்டாண்டு அளந்து எழுதினார்கள். பெட்டை நாய்களில் 65 விழுக்காட்டுக்கு ஆபரேஷனும் ஊசியும் ஆன நிலையில் நாய்களின் எண்ணிக்கை 28 விழுக்காடு குறைந்தது. திட்டம் நடந்த பகுதியில் மனித வெறிநோய் இல்லாமல் போனது. நகரத்தின் மற்ற பகுதிகளில் நோய் இருந்துகொண்டே இருந்தது. கொல்வதால் கிடைக்காத ஒன்றை இது கொடுத்தது.

காது வெட்டு அவசியமானது இங்கேதான். நாயைத் திரும்பவும் தெருவில் விட்டால், அடுத்த வாரம் வலையோடு வருகிறவருக்கு எது முடிந்த நாய், எது முடியாத நாய் என்று தெரிய வேண்டும். கடுவனைப் பின்னாலிருந்து பார்த்தால் ஓரளவு தெரியும். பெட்டைக்கு வழியே இல்லை. தையல் ஆறி மயிர் வளர்ந்துவிட்டால், மேசையில் மயக்கிப் படுக்கவைத்து, வயிற்றைத் திறந்து, உள்ளே கருப்பை இல்லை என்று கண்டுபிடித்தால்தான் உண்டு. ஒரு முறை வெட்டிய வயிற்றை வீணாக இன்னொரு முறை வெட்டுவது கொடுமை. கழுத்துப் பட்டை கட்டிப் பார்த்தார்கள். தெருவில் அது அறுந்துபோகும், அல்லது யாராவது கழற்றிக்கொள்வார்கள். பச்சை குத்தினால் கிட்டத்தில் போய்க் காதைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பத்தடி தூரத்திலிருந்து, நாய் ஓடிக்கொண்டிருக்கும்போதே தெரிய வேண்டும் என்றால் காதின் வடிவத்தைத்தான் மாற்ற வேண்டும். 2001 டிசம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த நாய்க் கருத்தடை விதிகள் காதில் வெட்டோ பச்சையோ அடையாளமாக இருக்க வேண்டும் என்றும், பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றும் சட்டமாகச் சொல்லின. 2023 மார்ச்சில் வந்த புதிய விதிகளும் அந்த இரண்டையும் விட்டுவிடவில்லை.

மேசையில் நடப்பதைச் சொல்கிறேன். ஆபரேஷனுக்கு முந்தைய இரவு நாய்க்குச் சோறு கிடையாது. எடை பார்த்து, எடைக்குத் தக்க மயக்க மருந்து. விலாப்பக்கம் உள்ளங்கை அளவுக்கு மயிரை மழித்து மருந்து தடவுகிறார்கள். பழகிய மருத்துவர் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் வெட்டுவதில்லை. வளைந்த கொக்கி ஒன்று உள்ளே போய்க் கருப்பையின் ஒரு கிளையை வெளியே இழுக்கிறது. நாயின் கருப்பை கவண்கட்டை போல இரண்டாகக் கிளைத்திருக்கும், கிளைக்கு ஒரு சூலகம். இரண்டு பக்கமும் ரத்தக்குழாயைக் கட்டி, வெட்டி எடுத்து, உள்ளே இருந்து வெளியே ஒவ்வொரு அடுக்காகத் தைக்கிறார்கள். அந்த மயக்கம் தெளிவதற்குள் காது. காது ஓரத்தைக் கிடுக்கியால் அழுத்திப் பிடித்து, 'வி' வடிவத்தில் ஒரு வெட்டு, சூடு காட்டிய கருவியை வைத்து ரத்தத்தை நிறுத்துதல். சில நொடிகளில் முடிந்துவிடும். வெறிநோய் ஊசியும் அப்போதே. வெளியே எடுத்த உறுப்புகளைத் தூக்கி எறிவதில்லை. பார்மலின் ஊற்றிய வாளியில் போட்டு வைக்கிறார்கள். கண்காணிப்புக் குழு வந்து அவற்றை எண்ணிப் பார்த்த பிறகுதான் அத்தனை ஆபரேஷனுக்குப் பணம். பில்லில் நூறு நாய் என்று எழுதிவிட்டு எழுபது நாய்க்கு மட்டும் செய்யும் வேலை நடக்கக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு அது. எண்ணுகிற இடத்தில் ஒழுங்கு இருக்கும் ஊரில் திட்டம் பலிக்கிறது. எண்ணாத ஊரில் காது வெட்டு அரிதாகவும் குட்டிகள் அதிகமாகவும் தெரியும்.

எங்கள் ஊருக்கு வருகிறேன். அண்ணாமலையார் கோயிலுக்குள் காலபைரவர் சன்னதி இருக்கிறது, நாய் அவர் வாகனம். ரமணாசிரமத்துக்குள் லட்சுமி என்ற பசுவுக்குச் சமாதி இருப்பது பலருக்குத் தெரியும். அதன் பக்கத்திலேயே ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதி உண்டு. ரமணர் மலைமேல் கந்தாசிரமத்தில் இருந்தபோது கமலா என்று ஒரு நாய். புதிதாக வந்தவரை அழைத்துக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டு என்று அவர் சொன்னால், அது மலையிலுள்ள சுனை, குகை, சன்னதி ஒவ்வொன்றுக்கும் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுமாம். நாயை அடித்து விரட்டாத ஊர் என்ற பெயர் இதற்கு உண்டு, அந்தப் பெயரில் எனக்குப் பெருமையும் உண்டு. அருணாசலா விலங்குகள் சரணாலயம் என்ற காப்பகம் தெருநாய்களுக்குச் சிகிச்சை, கருத்தடை, வெறிநோய் ஊசி என்று வேலை செய்கிறது. காது வெட்டிய நாயைக் கிரிவலப் பாதையில் பார்க்க முடிகிறதென்றால் இப்படிப்பட்ட உழைப்பால்தான்.

ஆனால் சோறு போடுவதோடு அன்பு முடிந்துவிடுகிறது என்று எங்கள் ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கில் ஜனம், கார்த்திகை தீபத்துக்கு இன்னும் பல மடங்கு. பாதை நெடுக அன்னதானம். விடிகிறபோது தொன்னையும் தட்டும் பாதிச் சாப்பாடும் ஓரமெல்லாம் கிடக்கும். ஒரு தெருவின் சோறு அந்தத் தெருவின் நாய்களைத் தீர்மானிக்கிறது என்றேனே, இங்கே மாதத்துக்கு இரண்டு நாள் அளவுக்கு மீறிய விருந்து, மற்ற நாள் பட்டினி. பட்டினி நாளில் நாய்கள் கூட்டம் சேர்ந்து மலைப்பக்கம் ஏறுகின்றன. அண்ணாமலையின் காப்புக்காட்டில் புள்ளிமான்கள் இருக்கின்றன. மலையைப் பச்சையாக்க மரம் நட்டு, தீ அணைத்து, எத்தனையோ பேர் பாடுபட்டதன் பலன் அவை. தண்ணீர் தேடிக் கீழே இறங்கும் மானை நாய்க்கூட்டம் துரத்திக் கடிப்பது இங்கே நடக்கிறது. நாயிடமிருந்து காட்டுக்குப் போவது பல் மட்டும் இல்லை. 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் 20க்கு மேற்பட்ட சிங்கங்கள் செத்தபோது, அவற்றில் பலவற்றிடம் கண்டது நாய்களிடம் சாதாரணமாக இருக்கும் டிஸ்டெம்பர் வைரஸ். எத்தியோப்பிய மலைகளில் மட்டும் வாழும் அரிய ஓநாய்களை, ஊர்நாய்களிடமிருந்து போன வெறிநோய் 1990களின் தொடக்கத்திலும் 2003இலும் கூட்டம் கூட்டமாகச் சாய்த்தது. காட்டுக்குப் பக்கத்து ஊரில் நாய்க்கு ஊசி போடுவது காட்டுக்கும் சேர்த்துப் போடுவதுதான்.

2025இல் இந்தக் காது வெட்டு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. ஆகஸ்டு 11 அன்று இரு நீதிபதிகள் அமர்வு, தில்லியிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடையுங்கள், திரும்ப விடாதீர்கள் என்றது. ஆகஸ்டு 22 அன்று மூவர் அமர்வு அதை மாற்றி, வெறிநோய் கண்ட நாயும் ஆக்ரோஷமான நாயும் தவிர மற்றவற்றைக் கருத்தடையும் ஊசியும் முடித்து அதே இடத்தில் விடலாம் என்றது. சோறு வைக்க வார்டுதோறும் தனி இடம் குறிக்கவும் சொன்னது. நவம்பர் 7 அன்று, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் பிடிக்கும் நாயை அங்கே திரும்ப விடக் கூடாது என்று உத்தரவு வந்தது. பிள்ளைகள் ஓடியாடும் பள்ளி வளாகத்தில் நாய் வேண்டாம் என்பதில் எனக்கு மறுபேச்சில்லை. அங்கே சுற்றுச்சுவரை அடைத்துக் குப்பையையும் அகற்றினால்தான் உத்தரவு நிற்கும். இல்லையென்றால் பிடித்துப்போன நாயின் இடத்துக்கு ஊசி போடாத நாய் வரும். 1860இலிருந்து சென்னை பார்த்த அதே சுற்று.

இந்தியாவில் ஆண்டுக்கு 20,000 பேர் வரை வெறிநோயில் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் நெடுநாளாகச் சொல்லிவந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அண்மைக் கணக்கெடுப்பு அதை ஏறக்குறைய 5,700 என்று மதிப்பிடுகிறது. விலங்குக்கடி ஆண்டுக்கு 90 லட்சத்துக்கு மேல். இரண்டு எண்ணில் சின்னதை எடுத்துக்கொண்டாலும், தடுக்க மருந்துள்ள நோயில் நாளுக்குப் பதினைந்து சாவு. பொறுத்துக்கொள்ளக்கூடியது அல்ல.

காது வெட்டு ஒரு விஷயத்தைச் சொல்வதில்லை. ஆபரேஷன் ஆயுளுக்கு ஒரு முறை, ஊசி அப்படி இல்லை. ஆறு வயது நாயின் காதில் வெட்டு இருந்தால், ஐந்து ஆண்டுக்கு முன்னால் போட்ட ஊசியின் பலம் இன்னும் இருக்கிறதா என்று அந்தக் காது சொல்லாது. ஒவ்வோர் ஆண்டும் ஊரிலுள்ள நாய்களில் 70 விழுக்காட்டுக்கு ஊசி போட்டால்தான் நோயின் சங்கிலி அறும் என்பது உலகெங்கும் ஏற்றுக்கொண்ட அளவு. கோவா அதைச் செய்து காட்டியது. 2013இலிருந்து மிஷன் ரேபிஸ் அமைப்பும் மாநில அரசும் சேர்ந்து நாய்களுக்கு ஊசி போட்டன, பின்னாளில் ஆண்டுக்கு ஒரு லட்சத்தை ஒட்டி. 2021இல் கோவா வெறிநோய் கட்டுப்பாட்டுக்குள் வந்த மாநிலமானது. அதே அமைப்பின் மூலமான கால்நடை மருத்துவச் சேவை, ஊட்டிப் பக்கத்தில் பயிற்சி மையம் வைத்து நம் ஊர் மருத்துவர்களுக்கே இந்த ஆபரேஷனைச் சொல்லிக்கொடுக்கிறது. கற்றுக்கொள்ள வெகுதூரம் போக வேண்டியதில்லை.

திருவண்ணாமலை 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது. ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் நடுவில், கூட்டம் இல்லாத வாரங்களில், நாய்கள் அவையவை தெருவில்தான் இருக்கும். விடியற்காலையில் வலையோடு போனால் பிடிக்கலாம். அன்னதானம் போடுகிறவர்கள் அன்றைக்கே எச்சிலை அள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று மாநகராட்சி கட்டாயமாக்கினால், நாய் வேலையில் பாதி குறையும். மீதிக்குக் கோவாவைப் பின்பற்றலாம். அங்கே காலையில் ஊசி போடும் குழு ஒவ்வொரு நாயின் மேலும் வண்ணச் சாயம் ஒன்றைத் தடவிவிடும், சில நாளில் அது தானாகப் போய்விடும். கைபேசியில் அந்த நாய் நின்ற இடத்தைப் பதிவு செய்யும். ஊசி முடிந்த பிறகு இன்னொரு குழு அதே தெருக்களில் நடந்து, சாயம் உள்ள நாய் எத்தனை, இல்லாத நாய் எத்தனை என்று எண்ணும். பத்துக்கு ஏழுக்குக் கீழே இருந்தால் வலையோடு அந்தத் தெருவுக்கே திரும்பப் போவார்கள்.